முதல் வகுப்புக்கு வரும் குடும்பங்கள்

தமிழ் முஸ்லிம்களின் பேச்சில் பள்ளி என்னும் சொல் இரண்டு இடங்களைக் குறிக்கும். தொழச் செல்வதும் பள்ளி. எழுத்துப் படிக்கச் செல்வதும் பள்ளி. ஐந்து வயதுப் பிள்ளையொன்று சுபுஹுக்குப் பின் தொப்பி அணிந்து ஒரு பள்ளிக்குப் போய் அலிஃப், பே ஓதிவிட்டு, ஒன்பது மணிக்குச் சீருடை அணிந்து மற்றொரு பள்ளிக்கு வருகிறது. முதற் பள்ளியில் அதன் குடும்பத்தை எல்லாருக்கும் தெரியும். பாட்டனார் முன்வரிசையில் தொழுகிறவர். ஹஜ்ரத் அந்த வீட்டு நிக்காஹ்வுக்கும் ஜனாஸாவுக்கும் வந்தவர். இரண்டாம் பள்ளியிலோ குடும்பம் வாயிற்கதவோடு நின்றுவிடுகிறது. பிள்ளையின் கையை விட்டுவிட்டு, டீச்சர் பார்த்துக்கொள்வார் என்று திரும்பிவிடுகிறது.

நான் செஞ்சியில் குடியிருப்பவள். பனமலைப் பக்கத்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்பு எடுப்பவள். பனமலை என்றதும் வெளியூராருக்குப் பல்லவன் இராசசிம்மன் எழுப்பிய குன்றுக்கோயிலும் அதன் சுவரில் எஞ்சிய ஓவியமும் நினைவுக்கு வரும். எங்களுக்கு அது ஏரியும் நெல்லும் கரும்பும் மல்லாட்டையுமான ஊர். (நிலக்கடலை என்பது பாடநூலில் மட்டும்தான்.) இப்பக்கத்துச் சிற்றூர்களில் முஸ்லிம் குடும்பங்கள் மிகச் சில. ஒருவர் கறிக்கடை வைத்திருப்பார், ஒருவர் தையற்காரர், ஒருவர் மொபெட்டில் துணிமூட்டையோடு ஊர் ஊராகச் செல்பவர். என் வகுப்பில் ஓராண்டில் நம் பிள்ளைகள் இருவரோ மூவரோ இருப்பார்கள். சில ஆண்டுகளில் ஒருவர் மட்டும்.

2025ஆம் ஆண்டில் பள்ளிகள் ஜூன் 2, திங்கட்கிழமை திறந்தன. அதே வாரம் சனிக்கிழமை ஹஜ்ஜுப் பெருநாள். பெருநாள் துணியும் புதுப் புத்தகப் பையும் ஒரே வாரத்தில் வந்ததில் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி. இரண்டு செலவையும் ஒரே வாரத்தில் சுமந்த தந்தையருக்கு எப்படியிருந்தது என்பதை அவர்கள் முகமே சொல்லிற்று. அல்ஹம்து லில்லாஹ், பாடநூலும் சீருடையும் அரசே தருகிறது.

புதிய குடும்பங்களை வரவேற்கும் நாளில் நான் அறிவிப்புகளைக் குறைத்துக்கொண்டு கேள்விகளையே கேட்பது வழக்கம். பள்ளி நேரம், விடுமுறை, கட்டுப்பாடு ஆகியவற்றைப் பலகையில் எழுதி வைத்தால் போதும். பிள்ளையைப் பற்றிய செய்தியோ வீட்டாரிடம் மட்டுமே உள்ளது. பிள்ளைகள் அல்லாஹ்வின் அமானிதம் என்று நாம் சொல்கிறோம். ஹஜ்ஜுக்குப் புறப்படும் ஒருவர் தம் நகையை உறவினரிடம் அமானிதமாக ஒப்படைக்கும்போது, எத்தனை பவுன், எந்த வளையலில் நெளிவு, எந்தச் சங்கிலியில் கொக்கி தளர்ந்திருக்கிறது என்று சொல்லித்தானே ஒப்படைக்கிறார்? பிள்ளையை ஒப்படைக்கும்போது மட்டும், "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்" என்ற ஒற்றை வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். அன்பினால் சொல்வதுதான். ஆயினும் கல்வி உரிமைச் சட்டம் (2009) பிள்ளையை அடிப்பதைத் தடை செய்திருக்கிறது. எனக்கு வேண்டியது அந்த அனுமதியன்று. கொக்கி எங்கே தளர்ந்திருக்கிறது என்னும் செய்தி.

முதலில் பெயர். இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும், ஏனெனில் நம் குடும்பங்கள் பிற்காலத்தில் அதிகம் அலைவது இதனால்தான். பிறப்புச் சான்றிதழில் 'பாத்திமா', ஆதாரில் 'ஃபாத்திமா பீவி', குடும்ப அட்டையில் 'பாத்திமா பி', வீட்டில் அழைப்பதோ 'பாத்தும்மா'. ஆண் பிள்ளையாயின் முகமது, முகம்மது, முஹம்மத், மொஹமத் என்று ஒரே பெயருக்கு நான்கு எழுத்து. ஹகரம் எழுதுவதா, ககரம் எழுதுவதா, ஆய்தம் சேர்ப்பதா என்பது அன்று எழுதுகோல் பிடித்தவரின் விருப்பமாகிவிடுகிறது. முதல் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டில் ஏறும் அந்த எழுத்தே மாற்றுச் சான்றிதழுக்கும், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலுக்கும், அங்கிருந்து கடவுச்சீட்டுக்கும் போய்ச் சேருகிறது. வளைகுடா வேலைக்கோ உம்ராவுக்கோ விண்ணப்பிக்கும்போது ஓர் எழுத்து வேறுபாட்டுக்காக எத்தனை பேர் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் வழக்கறிஞர் வீட்டுக்கும் நடக்கிறார்கள் என்பதை நீங்களே அறிவீர்கள்.

ஆகவே சேர்க்கைக்கு வரும்போது பிறப்புச் சான்றிதழைக் கையோடு கொண்டுவாருங்கள். அதில் உள்ளபடியே, தமிழிலும் ஆங்கிலத்திலும், எழுத்துக்கு எழுத்து பதிவேட்டில் ஏறுகிறதா என்று பக்கத்தில் நின்று படித்துப் பாருங்கள். ஆசிரியர் வருந்தமாட்டார். குழந்தை பிறந்தவுடன் பெயரில்லாமல் சான்றிதழ் வாங்கி அப்படியே பெட்டியில் வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் பதினைந்து ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடும் பெயரைப் பதிய விதியில் இடமிருக்கிறது. முதல் வகுப்புக்கு முன்பே அதை முடித்துவிடுவது நல்லது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பதும் சட்டமே. சான்றிதழ் கிடைக்கவில்லையென்று பிள்ளையை ஓராண்டு வீட்டில் வைத்துவிடாதீர்கள்.

அடுத்தது மொழி. செஞ்சி நகரத்திலும் அதைச் சுற்றியும் வீட்டில் தக்கினி உருது பேசும் குடும்பங்கள் பல. தமிழ் கற்றல் சட்டம் 2006இல் வந்தது. அந்தக் கல்வியாண்டில் முதல் வகுப்பில் தொடங்கித் தமிழ் கட்டாயப் பாடமாயிற்று. அது சரியானதே என்பது என் கருத்து. இந்த மண்ணில் வாழ்கிறவருக்கு இம்மண்ணின் எழுத்து வேண்டும். ஆனால் வீட்டில் தமிழே புழங்காத பிள்ளை வகுப்பில் வாய் திறவாமல் அமர்ந்திருக்கும்போது அதை மந்தம் என்று எண்ணிவிடுவது எளிது. எங்கள் உறவில் ஒரு சிறுவன், வேறோர் ஊரின் பள்ளியில், முதல் நாள் முழுவதும் 'பானி, பானி' என்று கேட்டிருக்கிறான். தண்ணீர் கேட்கிறான் என்று அங்கே எவருக்கும் தோன்றவில்லை. பந்து கேட்கிறான் போலும் என்று விளையாட்டுப் பொருளை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டான். அவன் தாய் முதல் நாள் உள்ளே வந்து, 'எங்கள் வீட்டில் தண்ணீரை இப்படிச் சொல்வோம், ஒன்றுக்கு வந்தால் இப்படிச் சொல்வான்' என்று இரண்டு சொற்களைக் கூறியிருந்தால் போதும். அதனால்தான் பெற்றோரிடம் நான், உங்கள் பிள்ளை எந்த மொழியில் அழும் என்று கேட்கிறேன். சிரிப்பார்கள்; பிறகு விடை சொல்வார்கள்.

மக்தபுக்குச் செல்லும் பிள்ளையானால் அதையும் சொல்லுங்கள். அப்பிள்ளை அரபு எழுத்தை வலமிருந்து இடமாக ஓதிப் பழகியிருக்கும். தமிழ் நோட்டைப் பின்னட்டையிலிருந்து திறக்கும். வரியை வலப்பக்கம் தொடங்கும். ஐந்தாறு வயதில் எழுத்தைத் திருப்பி எழுதுவது எல்லாப் பிள்ளைகளிடமும் உண்டு என்றாலும், நம் பிள்ளைக்கு அதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். செய்தி தெரிந்த ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிடாமல், முதல் வரியின் இடப்பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துக் கொடுப்பார். சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும். இரண்டு எழுத்து முறைகளை ஒரே நேரத்தில் ஏற்கும் மூளையைக் குறைத்து மதிப்பிட வேண்டா.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுமியைச் சேர்க்க அவளுடைய நன்னி வந்திருந்தார். கையொப்பம் கேட்டபோது, "நான் கைநாட்டும்மா" என்று பெருவிரலை நீட்டினார். ஓதுவீர்களா என்று கேட்டேன். நாள்தோறும் குர்ஆன் ஓதுவாராம். அதுமட்டுமன்று, தாய் வீட்டில் அரபுத் தமிழும் கற்றவராம். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அந்த முறையில்தான் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) மார்க்கச் சட்ட நூல் எழுதினார். நம் முன்னோர் பெண்கள் பலர் கடிதமும் எழுதினர். இரண்டு நூற்றாண்டு எழுத்தறிவைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மையார் தம்மைக் கைநாட்டு என்கிறார்! சுண்ணாம்புக் கட்டியைக் கொடுத்து, பேத்தியின் பெயரைக் கரும்பலகையில் எழுதச் சொன்னேன். தயங்கித் தயங்கி எழுதினார். அதன்கீழ் நான் தமிழெழுத்தில் எழுதினேன். அதுவரை முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்த சிறுமி கையை விட்டுப் பலகையருகே வந்து, "எங்க நன்னி எழுதுனது" என்று மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டினாள்.

உணவைப் பற்றி நம் தாய்மார்கள் தனியே அழைத்துக் கேட்கிறார்கள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல். மதியம் சோறும் முட்டையும். இறைச்சி கிடையாது; ஹலால் பற்றிய கவலை வேண்டா. சுபுஹுக்கு எழுந்து மக்தப் போய்விட்டு வரும் பிள்ளைக்கு அந்தக் காலை உணவு எவ்வளவு பெரிய உதவி என்பதைப் பத்து மணிக்குப் பாடம் எடுக்கும் எனக்குத்தான் தெரியும்.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்போம். அரும்பு என்று கேட்டவுடன் சில பெற்றோர் முகம் வாடுகிறது. தேர்வில் தோற்றுவிட்டான் என்பது அதன் பொருளன்று. இன்றைக்கு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கான குறி மட்டுமே. வீட்டில் அதைச் சொல்லி அடிக்காதீர்கள்.

கூட்டத்தில் இன்னொன்றையும் காண்கிறேன். பிள்ளையிடம் உன் பெயரென்ன என்று கேட்டால் தாய் விடை சொல்கிறார். உனக்கு என்ன பிடிக்கும் என்றால் தந்தை சொல்கிறார். பெருநாள் வாரத்தில் இது என் மனத்தில் இன்னும் அழுத்தமாகப் பட்டது. நபி இப்ராஹீம் (அலை) அத்தனை பெரிய கட்டளையைக் கனவில் கண்ட பின்னும் மகனிடம் அதைச் சொல்லி, உன் கருத்து என்ன என்று கேட்டார்கள் என்பது குர்ஆன் காட்டும் வரலாறு. நாம் உப்புமா பிடிக்குமா என்பதற்குக்கூடப் பிள்ளையைப் பேசவிடுவதில்லை.

இனித் தாய்மாருக்கு. பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில், ஜுமுஆ முடிந்து உணவுண்ட பின் வரும் நேரத்தில்தான் கூடுகிறது. ஆகவே நேரமில்லை என்று சொல்ல நமக்கு வழியில்லை. புர்கா அணிந்து உள்ளே வந்து அமர்ந்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று ஒரு சகோதரி என்னிடம் கேட்டார். ஒன்றும் நினைக்கமாட்டார்கள். முதல் கூட்டத்தில் சற்றுப் பார்ப்பார்கள். இரண்டாம் கூட்டத்தில், "உங்க பொண்ணும் எங்க பொண்ணும் ஒரே பெஞ்சு" என்று பேச்சுக் கொடுப்பார்கள். தேசிங்கு ராஜனுக்கும் மகமத்கானுக்கும் இருந்த நட்பைத் தெருக்கூத்தில் விடிய விடியப் பார்க்கும் ஊர் இது. திருமண வேளையில் அதைவிட்டு நண்பனுக்காகப் போர்க்களம் வந்தவன் என்று மகமத்கானைப் பாடுகிறார்கள். அதே கோட்டைக்குள் தேசிங்கை வென்ற நவாப் சாதத்துல்லா கானின் பெயரால் பள்ளிவாசலும் நிற்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு மதிலடியில் அமர்ந்து கட்டுச்சோறு உண்டு வருகிறவர்கள்தாம் இவ்வூர் மக்கள்.

மேற்சொன்ன சகோதரி தையற்காரரின் மனைவி. கணவர் போகச் சொல்லியும் இரண்டு கூட்டங்களுக்கு வாயிலருகே நின்றே கேட்டுவிட்டுப் போனார். மூன்றாம் கூட்டத்தில் உள்ளே வந்து கடைசி நாற்காலியில் அமர்ந்தார். கட்டடம், குடிநீர், விழா என்று பேச்சு முடியும் நேரத்தில், பெண் பிள்ளைகளின் கழிவறைக் கதவில் உட்புறத் தாழ்ப்பாள் இல்லை. தம் மகள் பகல் முழுவதும் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருகிறாள் என்றார். அருகிலிருந்த மூன்று தாய்மார்கள் உடனே, எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றார்கள். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறிற்று. அடுத்த செவ்வாய்க்கிழமை ஊரிலிருந்தே ஒரு தச்சர் வந்து, சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் தாழ்ப்பாள் பொருத்திக் கொடுத்தார்.