பன்றி மேல் போட்ட பழி

திருவாடானையில் விடிகாலை. கண்மாய்க் கரையை ஒட்டிய சீமைக்கருவேலங்காட்டுக்குள் ஆட்கள் ஒவ்வொருவராகப் பிளாஸ்டிக் பாட்டிலோடு நுழைகிறார்கள். சற்றுத் தள்ளி ஐந்தாறு பன்றிகள். அவற்றுக்கு அவசரமே இல்லை. உட்கார்ந்தவர் எழுந்து லுங்கியைச் சரிசெய்யும்வரை நின்றுவிட்டு, பிறகுதான் நகர்கின்றன. ஒவ்வொன்றின் இடது காதிலும் ஒரு வெட்டு. இன்னாருடைய பன்றி என்பதற்கு அதுதான் அடையாளம். தீனிச் செலவில்லாத வளர்ப்பு.

பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் ஒரு தாய், பக்கத்தில் மகன். பத்து வயதிருக்கும். அவள் மடியில் பெரிய ஸ்கேன் உறை, அவன் கைக்குள் ஓர் இரும்புச் சாவி.

"என்னத்தா, புள்ளைக்கு என்ன?"

"வலிப்புண்ணே. மூளையில பூச்சிக் கட்டியாம். பன்னியால வருதுன்னு சொன்னாக. நாங்க பன்னிக்கறிய மோந்துகூடப் பார்த்ததில்ல."

"அதானே!" என்றார் டீ மாஸ்டர். கொஞ்ச நேரத்தில் கடைக்குப் பின்னால் கருவேல மறைவுக்குப் போய்வந்தார். வாளித் தண்ணீரில் விரலை நனைத்து உதறினார். சோப்பு இல்லை. அதே விரலால் இரண்டு வடை எடுத்துப் பையனிடம் நீட்டினார்.

இவர் வயிற்றில் புழு இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. யார் வயிற்றில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்பதுதான் சங்கதி. அந்தத் தாய் சொன்னதில் தப்பே இல்லை. பூச்சிக் கட்டியுள்ள பன்றிக்கறியை அரைவேக்காடாகத் தின்றால் வருவது குடலில் நாடாப்புழு; சில மீட்டர் நீளம்கூட வளரும். அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறுகின்றன. மலத்தைத் தின்னும் பன்றிக்குத் தசையில் கட்டி. கழுவாத கை வழியாக அதே முட்டையை விழுங்கும் மனிதனுக்கு மூளையில் கட்டி. சுத்த சைவத்துக்கும் விலக்கில்லை.

மூளையில் இத்தகைய கட்டி ஸ்கேனில் ஒற்றைப் புள்ளியாகத் தெரிந்தால், அதைக் காசநோய்க் கட்டி என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்த காலம் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மாத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் அந்தக் கட்டியை எடுத்துப் பார்த்து, பெரும்பாலும் இந்தப் புழுவின் வேலைதான் என்று 1989-இல் எழுதினார்கள். பின்னர் வேலூர் மாவட்டத்தில் வீடுவீடாகக் கணக்கெடுத்தபோது, வலிப்பு தொடர்ந்து இருப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணம் என்று தெரிந்தது.

பன்றிக்குத் தடுப்பூசி ஹைதராபாத்திலேயே தயாராகிறது. ஆனால் காதில் வெட்டோடு திரியும் பன்றிக்கு அதை யார் காசு கொடுத்துப் போடுவார்கள்? அதைவிட, பன்றிக்கு முட்டையை ஊட்டுவது நாம்தான். பழி மட்டும் அதன் மேல்.

மதுரை பஸ் வந்தது. பையன் வடையைக் கடித்தபடியே ஏறினான்.

உங்கள் வீட்டில் யாருக்காவது மலத்தில் வெள்ளை நாடாத் துண்டுகள் தென்பட்டால், கூச்சப்படாமல் அரசு மருத்துவமனையில் சொல்லுங்கள். குடலில் இருக்கும் புழுவுக்கு மருந்து ஒரே வேளைதான்.