படிப்பகத்தில் விளக்கில்லை

எங்கள் ஊர் கஞ்சிக்கோடு. கோவையிலிருந்து பாலக்காடு செல்லும் தோழர்கள் வாளையாறு கடந்ததும் ஆலைப் புகையைக் கண்டிருப்பீர்கள்; அதுதான். 1956 அக்டோபர் வரை சென்னை மாநிலத்தில் இருந்த மண். எல்லைக்கோடு எங்களைக் கேட்டுக்கொண்டு போடப்படவில்லை. வீட்டில் தமிழும் கடையில் மலையாளமுமாக வாழ்கிறோம்.

கல்லூரியில் சேருமுன் அங்கே தொழிலாளர் குடியிருப்பில் மாலைப் படிப்பகம் ஒன்று நடத்தினோம். ஓர் அறை, இரண்டு பாய், ஒரு விளக்கு, பதினொரு பிள்ளைகள். தாயும் தந்தையும் வேலையிலிருந்து திரும்பாத அந்த மாலை நேரந்தான் ஆபத்தான நேரம். சாவடியைத் தாண்டிப் பொட்டலம் கொண்டுபோகச் சிறுவர்களைத் தேடுவோரும் அப்போதுதான் வருவார்கள்.

வாடகையும் மின்கட்டணமுமாக மாதம் 900 ரூபாய். கொடுத்து வந்தவர் நிறுத்திவிட்டார். ஓர் அலுவலகத்தில் விண்ணப்பித்தோம். "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்றார்கள். விளக்கு அணைந்தது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் பத்து நாள் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "அண்ணா, நாளைக்காச்சும் கரண்ட் வருங்களா?" என்று கேட்டான். பதினோராம் நாள் அவன் வரவில்லை. நான் தேடிப் போகவும் இல்லை, எனக்குத் தேர்வு! மூன்று திங்களுக்குப் பின், பையோடு பிடிபட்டான் என்ற செய்திதான் வந்தது.

அதன்பின் காவலர், வழக்கு, கூர்நோக்கு இல்லம். இவற்றுக்கெல்லாம் பணம் இருந்தது. 900 ரூபாய்க்குத்தான் இல்லை!

ஐஸ்லாந்து நாட்டில் 1998-இல் 15, 16 வயது மாணவரில் நூற்றுக்கு 42 பேர் முந்திய ஒரு மாதத்துக்குள் குடித்து வெறித்தவர்கள். 2016-இல் அது 5 ஆயிற்று. பெற்றோர் இரவில் தெருக்களைச் சுற்றிவந்தனர். பிள்ளைகளின் விளையாட்டுக்கும் இசைக்கும் நகரமன்றம் பணம் கொடுத்தது. பணக்கார நாட்டுக் கதை என்பீர்கள். மெய்தான். ஆனால் கேரளத்தில் 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டத்துக்குப் பின் ஊராட்சியின் கையிலும் திட்டப் பணம் இருக்கிறது. கிராம சபையில் எழுந்து கேட்க ஆள்தான் வேண்டும். நாங்கள் அலுவலகப் படியேறினோமேயன்றி, அங்கே கேட்கவில்லை. வரும் சபையில் கேட்கப் போகிறேன்.

ஓண விடுமுறையில் அவனைக் கண்டேன். கடைசல் பட்டறையில் வேலை பழகுகிறான், மீசை அரும்பியிருக்கிறது.

"அந்த ரூமுல இப்ப யாருங்கண்ணா இருக்காங்க?" என்றான்.

டயர் அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்றேன்.