வால்வின் கால்கள்

வால்வு ரேடியோ கொரகொரத்தால் உடனே வரும் தீர்ப்பு, "வால்வு போயிடுச்சு சார்." பல சமயம் வால்வு நன்றாகத்தான் இருக்கும். கால்களில் அழுக்கு.

தில்லை நகரில் பெரியப்பா வீட்டு ஐந்து வால்வு செட்டுக்கும் அதே தீர்ப்பு. "பெட்டிய வச்சுக்கிட்டு உள்ள புளூடூத் போர்டு போட்டுடலாம்ணா" என்றான் தம்பி. பெரியப்பா பேசவில்லை. 1939 மே 16 அன்று தொடங்கிய திருச்சி வானொலிதான் அந்த வீட்டின் கடிகாரம். 936 கிலோஹெர்ட்ஸ் வரும் இடத்தில், டயல் கண்ணாடி மேல், பெரியம்மா வைத்த நெயில் பாலிஷ் புள்ளி இருக்கிறது. பெரியம்மா இல்லை. புளூடூத் மேல் எனக்கு வெறுப்பில்லை, பாட்டு நன்றாகவே வரும். ஆனால் முள் நகராது, புள்ளிக்கு வேலையிருக்காது.

நான் கோட் எழுதிப் பிழைப்பவன். எங்கள் 'ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு'வுக்கு இங்கே நிகர், வால்வை உருவி மறுபடி செருகுவது. உரசலில் ஆக்சைடு கொஞ்சம் கலையும், சில நாள் பாடும். அந்தப் படலம் லேசானதல்ல. ஈஎல்84 அவுட்புட் வால்வின் ஹீட்டருக்கு 6.3 வோல்ட், 0.76 ஆம்பியர் வேண்டும். காலில் ஒரே ஒரு ஓம் தடை சேர்ந்தால் கிட்டத்தட்ட 0.7 வோல்ட் அங்கேயே காலி. கேதோடு சரியாகச் சூடேறாது. நல்ல வால்வு செத்ததுபோலக் கிடக்கும். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் வால்வுகளைத் தயாரித்தது. இன்று அவசரப்பட்டுத் தூக்கிப்போட்டால் பழைய ஸ்டாக்கைத் தேடி அலைய வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கபாசிட்டரில் 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் பார்க்காமல் கைவைக்கக் கூடாது. இதில் வீரம் வேண்டாம். வால்வு ஆறியதும் நேராக உருவ வேண்டும். ஒன்பது கால்களும் கண்ணாடியைத் துளைத்து வருபவை. ஆட்டி இழுத்தால் விரிசல் விழும், காற்று புகும், உச்சியிலுள்ள வெள்ளிப் பூச்சு பால்போல் வெளுத்துவிடும். பிறகு அது அலமாரிப் பொம்மைதான்.

ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு காலாகத் துடைத்தேன். கறுப்பாக வந்தது. உப்புத்தாள் வேண்டாம், பூச்சையே தின்றுவிடும். கண்ணாடி மேலுள்ள எழுத்தில் ஆல்கஹால் படக்கூடாது, வால்வின் பெயரே அழிந்துபோகும். சாக்கெட் துளைகளுக்குப் பல்லிடுக்கு பிரஷ். தளர்ந்த கிளிப்புகளை ஊசியால் கொஞ்சம் நெருக்கினேன். பாதி நோய் அங்கேதான் இருந்தது.

போட்டதும் அரை நிமிஷம் மௌனம். பிறகு குரல் வந்தது. வால்யூம் திருகும்போது மட்டும் இன்னும் கரகரப்பு. அதையும் கழற்றட்டுமா என்றேன்.

"செய்தி முடியட்டும்டா" என்றார் பெரியப்பா.