தேவராவில் ஓர் இல்லறத் துறவு

எறணாகுளத்தின் தென்பால் காயலோரம் அமைந்த ஊர் தேவரா. 1944-ல் தோன்றிய திருஇருதயக் கல்லூரியால் பலரும் இதனை அறிவர். வில்லிங்டன் தீவுக்கு அப்பால், கொச்சிக் கோட்டையில், பிரான்சிஸ் சபைத் துறவியர் 1503-ல் மரத்தால் எழுப்பிப் பின்னர்க் கல்லாக மாற்றிய ஆலயம் நிற்கிறது. 1524-ல் வாஸ்கோ ட காமாவை அடக்கம் செய்தது அங்கேதான். பின்னர் அவ்வுடல் போர்ச்சுகலுக்குச் சென்றது. யாத்திரிகர் காண்பது வெற்றுக் கல்லறையே.

அசிசி முனிவரின் நெறியோ இன்றும் வீடுகளில் வாழ்கிறது. மனைவி மக்களோடு வாழ்வோர்க்காக 13-ஆம் நூற்றாண்டில் தோன்றியது அவரது மூன்றாம் சபை. இதனைச் சேர்ந்தோர் மடம் புகுவதில்லை. தத்தம் தொழிலைச் செய்தவாறே எளிமையைக் கைக்கொள்வர், ஒன்றுகூடிச் செபிப்பர், ஏழையரையும் பிணியாளரையும் தேடிச் செல்வர். கேரளத்தில் இச்சபையை ஊன்றியவர் எடத்துவா புத்தன்பறம்பில் தொம்மச்சன் (1836–1908). 'கேரள அசிசி' எனப் போற்றப்படும் அவரும் இல்லறத்தாரே.

அன்பர்களே, பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்தோம் நாம். உற்றார் இல்லாத இடத்தில் ஒருவர் நோயுற்றுக் கிடந்தால் அவர் கதவைத் தட்டுவார் யார்? தொழிலும் குடும்பமும் அதற்குத் தடையல்ல என்பதற்கு இவர்களே சான்று.