சந்தனத்துக்கு அடியில் ஓர் எழுத்து

எங்கள் வீட்டில் ஆயுதபூஜை என்றால் முதல் பொட்டு சித்தப்பாவின் எலெக்ட்ரிக் கிடாருக்குத்தான். மெல்லிசைக் குழுவில் வாசிப்பவர். 1998-இல், கப்பலில் வேலை பார்த்த ஒருவரிடம் வாங்கிய ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் அது. "அறுபத்திரண்டு மாடல்டா! என்னைவிட பன்னிரண்டு வயசு மூத்தது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். விற்றால் பல லட்சம் வரும், அக்கா கல்யாணத்துக்கு அதுதான் கைமுதல் என்று சித்தி நம்பிக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் துடைக்கும் வேலை எனக்கு. கிடாரின் கழுத்தும் உடலும் சேருகிற இடத்தில், பின்பக்கம், நான்கு திருகாணியோடு ஓர் உலோகத் தகடு உண்டு. வருஷா வருஷம் வைத்த சந்தனம் அதில் காய்ந்து அப்பியிருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். ஓர் எண் தெரிந்தது. அதற்கு முன்னால் 'வி' என்ற ஆங்கில எழுத்து.

எனக்குத் திக்கென்றது. கிடார் பைத்தியத்தில் கண்டதையும் படித்து வைத்திருந்தேனே! 1965-இல் ஃபெண்டர் கம்பெனியை சி.பி.எஸ். வாங்கியது. அப்புறம் வந்தவை முன்போல இல்லை என்று பலர் பழசைத் தேட ஆரம்பித்தார்கள். பழசுக்கு விலை ஏறியது. கடைசியில் கம்பெனியே தன் பழைய கிடாரைப் பார்த்து, 1982-இல் '57, '62 மாடல்களை மறுபடி செய்தது. அவற்றின் தகட்டில்தான் இந்த 'வி' வரும். 1962-இல் செய்ததில் வராது.

குறையைக்கூட விடாமல் காப்பி அடித்திருக்கிறார்கள்! 1977-லேயே ஐந்து நிலை ஸ்விட்ச் வந்துவிட்டது. இதில் பழையபடி மூன்று நிலைதான். விரல் வைக்கும் பலகையிலும் அதே பழைய வளைவு. மேலே போய்க் கம்பியை இழுத்தால் சில நேரம் சத்தம் செத்துப்போகும்.

அப்படியென்றால் பழசில் என்னதான் விசேஷம்? அன்று பிக்கப்பில் செம்புக் கம்பியைக் கையால் பிடித்து ஓட்டிச் சுற்றினார்கள். அதனால் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. அருமையானதும் உண்டு, சுமாரானதும் உண்டு. விலை மட்டும் எல்லாவற்றுக்கும் உச்சம். என்னைக் கேட்டால், பாதி விலை அந்த வருஷத்துக்குத்தான்.

இன்னொரு கூத்து: 1990-களின் நடுவிலிருந்து புதுக் கிடாரின் பெயிண்டை வேண்டுமென்றே சுரண்டி, பழசுபோல ஆக்கியும் விற்கிறார்கள். சித்தப்பா கிடாரிலும் முழங்கை படுகிற இடத்தில் மரம் தெரிகிறது. அதை யாரும் சுரண்டவில்லை. அத்தனை வருஷக் கச்சேரி வியர்வை அது.

இரண்டு நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுபடி சந்தனத்தை அப்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். மூன்றாம் நாள் சித்தி, "வாங்கறவரு ஞாயித்துக்கிழமை வர்றாராம்" என்றார். அதற்குமேல் முடியவில்லை. சித்தப்பாவை மாடிக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிவிட்டேன்.

செல்போன் வெளிச்சத்தில் தகட்டை ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத் தெரியுமாடா?" என்றார். தலையாட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அண்ணன்னு நெனச்சேன், தம்பி ஆயிட்டான்" என்று சிரித்தார். மடியில் வைத்து இரண்டு கார்டு தட்டினார். நேற்று கேட்ட அதே சத்தம்தான்.

"சித்திகிட்ட நானே சொல்லிக்கறேன். நீ வாய தொறக்காத."

சித்தி அன்று ராத்திரி சாப்பிடவில்லை.