பழைய வண்டிக்குத் தெம்பு

நாமக்கல் பக்கம் பழைய ஸ்கார்ப்பியோ வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் பேச்சு எப்படியும் பிக்கப்பில் வந்து நிற்கும். "முன்ன மாதிரி இழுக்க மாட்டேங்குதுங்க" என்பார் ஒருவர். "ஒரு சிப் போட்டு விடுங்க, பறக்கும்" என்பார் மற்றவர். அந்த யோசனையோடு எனக்குப் பல வருடமாக வழக்கு இருக்கிறது. எங்கள் வீட்டில் இருப்பது 2010-இல் பதிவான எம்ஹாக் வண்டி. அப்பா வாங்கியது. பதினைந்து வருடம் முடிந்தும், எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பித்து, பசுமை வரியும் கட்டி ஓட்டுகிறோம். இப்போது அது கொல்லிமலை ஏறும் விதத்தில் எனக்கு முழுத் திருப்தி. அதற்குச் செலவானது பெரும்பாலும் ஆயிரங்களில்தான். பாதி வேலை வீட்டு வாசலிலேயே முடிந்தது.

மஹிந்திரா நிறுவனம் பவன் கோயங்கா தலைமையிலான குழுவை வைத்து உருவாக்கி, 2002 ஜூனில் ஸ்கார்ப்பியோவை வெளியிட்டது. அப்போது அதில் இருந்தது 2.6 லிட்டர் டீசல் எஞ்சின். பிறகு ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய 2.2 லிட்டர் எம்ஹாக் வந்தது. 120 குதிரைத் திறன். ஏறக்குறைய இரண்டு டன் எடைக்கு இது தாராளமான சக்தி என்று சொல்ல மாட்டேன், ஆனால் போதுமானது. பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வண்டியில் அந்த 120 முழுதாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் இருப்பதில்லை. புதிதாகச் சக்தி சேர்க்கக் காசு எடுப்பதற்கு முன், தொலைந்த சக்தியைத் தேடி எடுக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட மலிவான, ஆபத்தில்லாத வேலை வேறு கிடையாது.

எங்கள் ஊர் லாரிகளுக்குப் பேர்போன ஊர். டீசல் எஞ்சினைப் பார்த்தே வளர்ந்த மெக்கானிக்குகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. அப்படி ஒருவர் எங்கள் வண்டியின் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணா, வண்டிக்குத் தெம்பு இல்லைன்னு சொல்லாதீங்க. அதுக்கு மூச்சு விட முடியலைங்க" என்றார். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து தாள் ஃபில்டரை வெளியே எடுத்து டயர் மேல் தட்டினார். செம்மண் புழுதி கொட்டியது. மடிப்புகளுக்கு நடுவே ஒரு காய்ந்த வேப்பிலையும் இருந்தது. ஃபில்டர் விலை சில நூறு ரூபாய். நான்கு கிளிப்பைத் தளர்த்தினால் எவரும் மாற்றிவிடலாம். எண்ணெய் தடவிய பஞ்சு ஃபில்டர் ஒன்றை ஆயிரக்கணக்கில் விலை சொல்லி விற்பார்கள். நம் ஊர்ப் புழுதிக்கு நிறுவனத் தாள் ஃபில்டரையே நேரத்தில் மாற்றுவதுதான் சரி. பஞ்சு ஃபில்டரில் எண்ணெய் கொஞ்சம் கூடிப்போனாலும் அடுத்ததாக இருக்கும் காற்றளவு சென்சாரில் படிந்து அதையும் கெடுக்கும்.

அந்தச் சென்சார் வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால் பழைய டர்போ வண்டியின் பாதி நோய் பிடிபட்டுவிடும். எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்பதை அது டர்போவுக்கு முன்பே அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடும். டர்போவைத் தாண்டி, இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில் ஒரு கீறல் இருந்தால், அளந்த காற்றில் ஒரு பங்கு அங்கேயே கசிந்து போகும். கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. கணக்குப்படி டீசலை ஊற்றும். காற்று குறைந்து டீசல் மிஞ்சிப்போவதால் பின்னால் கரும்புகை வரும், பிக்கப் படுத்துவிடும், மைலேஜும் குறையும். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மிதித்தால் புஸ் என்று ஒரு சத்தம் கேட்கும், அதுதான் அடையாளம்.

கீறல் கண்ணுக்கு எளிதில் படாது, ஏனென்றால் அது பெரும்பாலும் ஹோஸின் அடிப்பக்கத்தில் இருக்கும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு கையை விட்டு ஹோஸைச் சுற்றித் தடவிப் பார்க்க வேண்டும். டர்போ வழியாக வரும் எண்ணெய் ஆவி கசியும் இடத்தில் பிசுபிசுப்பாகப் படியும். அதன் மேல் புழுதி ஒட்டிக் கறுப்புப் பசையாகத் திரண்டிருக்கும். பசையைத் துடைத்துவிட்டு ஹோஸை இரண்டு கையாலும் வளைத்தால் கீறல் வாய் திறக்கும். எங்கள் வண்டியில் அது கிளிப்பின் விளிம்பை ஒட்டியே, நகத்தின் நீளத்துக்கு இருந்தது. யாரோ கிளிப்பை அளவுக்கு மீறி முறுக்கியதில் ரப்பர் அறுபட்டிருக்கிறது. ஹோஸும் கிளிப்பும் மாற்றியதும் ஏற்றத்தில் வந்த வித்தியாசத்தைப் பின்சீட்டில் இருந்த அம்மாவே கேட்டார்: "என்னடா பண்ணினே, வண்டி சத்தமில்லாம ஏறுது?"

இதோடு டர்போவின் ஆக்சுவேட்டருக்குப் போகும் மெல்லிய வேக்குவம் குழாய்களையும் பார்த்துவிட வேண்டும். வெயிலிலும் சூட்டிலும் அவை விறைத்துப்போய்த் தொட்டால் உடையும். மீட்டர் கணக்கில் வாங்கி வெட்டிப் போடலாம். காற்றளவு சென்சாரை அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயால் மட்டும் கழுவ வேண்டும். துணியோ பிரஷ்ஷோ படக்கூடாது. புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். வால்விலும் இன்டேக் மேனிஃபோல்டிலும் புகைக்கரி எண்ணெயோடு சேர்ந்து தார் மாதிரி அடைத்திருக்கும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்வது பட்டறை வேலை, ஆனால் கொடுத்த காசுக்குப் பலன் உண்டு. இ.ஜி.ஆரையே தகடு வைத்து அடைத்துவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அடைத்தால் நச்சுப் புகை கூடும். அந்தக் காற்றைத்தான் நம் தெருப் பிள்ளைகளும் சுவாசிக்க வேண்டும். என் வண்டியில் அதை நான் அனுமதிக்க மாட்டேன்.

டீசல் ஃபில்டரை நேரத்தில் மாற்றுங்கள், அடியில் தேங்கும் தண்ணீரைத் திருகைத் தளர்த்தி வடித்துவிடுங்கள். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இனி சிப். எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி எழுதினால் சக்தி கூடும் என்பது உண்மைதான். ஆனால் கூடும் இழுவையை முதலில் தாங்க வேண்டியது கிளட்ச். லட்சம் கிலோமீட்டர் ஓடிய கிளட்ச் அந்தச் சுமையில் வழுக்கத் தொடங்கினால், சிப்புக்குக் கொடுத்த பணத்தோடு கிளட்ச் செட்டுக்கும் கொடுக்க வேண்டும். சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அம்சங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கசியும் ஹோஸையும் அடைத்த ஃபில்டரையும் அப்படியே வைத்துக்கொண்டு சிப் போட்டவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு வேதனைப்படுகிறது. அந்தக் காசில் நான்கு புது டயரில் இரண்டு வந்திருக்கும்.

செலவே இல்லாத வேலை ஒன்று உண்டு: கழற்றுவது. முன்னால் இரும்பு பம்பர் கார்டு, மேலே கேரியர், பக்கத்தில் படி, பின்னால் இழுவைக் கொக்கி என்று பழைய ஸ்கார்ப்பியோவில் தொங்கும் இரும்பு கொஞ்சநஞ்சமல்ல. முன் கார்டை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. நடந்து போகிறவர் மேல் மோதினால் அது உயிரை வாங்கும். ஏர்பேக் உள்ள வண்டியில் மோதலின் அதிர்ச்சி சென்சாருக்குச் சரியாகப் போய்ச் சேராமலும் போகலாம். கேரியரின் எடை கூரை மேல் இருப்பதால் வளைவில் வண்டி சாய்வதும் கூடும். இரண்டையும் பழைய இரும்புக்கடையில் போட்டால் கைக்குக் காசும் வரும்.

இப்போது பிரேக்குக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது எஞ்சினின் சக்தி தெரியும். இறங்கும்போது வண்டியின் யோக்கியதை தெரியும். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது லாரி ஓட்டுநர்களின் விதி. அப்படி இறங்கினாலும் பிரேக் சூடாகத்தான் செய்யும். அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரம் 3.7 சதவீதம் ஏறிவிட்ட நிலையில் அதே விதி 155 டிகிரியைத்தான் கேட்கிறது. குழாய்க்குள் ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால்தான் மலை இறக்கத்தில் சிலருக்கு பெடல் திடீரென்று பஞ்சுபோல் உள்ளே போகிறது.

ஒரு லிட்டர் நல்ல டாட் 4 ஆயில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். எங்கள் வீட்டில் ஸ்டீயரிங் பக்கம் உட்காருவது தங்கை மகன். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, ஜாக்கியில் தூக்கி, அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் சக்கரம் கழற்ற வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் கைகூட வைக்கக் கூடாது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். உங்கள் வண்டியின் புத்தகம் வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள். பிளீடர் நிப்பிளில் கண்ணாடி மாதிரித் தெரியும் குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் விட வேண்டும்.

"மிதி."

"மிதிச்சுட்டேன் மாமா."

"அப்படியே பிடி, விடாதே."

நிப்பிளை அரைச் சுற்றுத் தளர்த்தியதும் குழாயில் கரும்பழுப்பு ஆயில் வழிந்து வரும், நடுநடுவே பொடிக் குமிழ்களோடு. இறுக்கிவிட்டுத்தான் "விடு" என்று சொல்ல வேண்டும்; முந்தினால் காற்று உள்ளே போய்விடும். மேலே டப்பாவில் ஆயில் தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் நிறம் வெளுத்து, தேன் மஞ்சளில் தெளிவான ஆயில் குமிழில்லாமல் வரும். அந்தச் சக்கரம் முடிந்தது. பெயின்ட் மேல் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், இல்லாவிட்டால் அரித்துவிடும். முதல்முறை செய்பவர் பழகியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. முடித்ததும் எஞ்சினை ஓடவிட்டு மிதித்துப் பாருங்கள். பெடல் உயரமாக, கெட்டியாக நிற்க வேண்டும். நின்றால்தான் வண்டியைத் தெருவுக்கு எடுக்க வேண்டும்.

டயரில் அழகுக்காகப் பெரிய அளவு போடுவது இந்த வண்டிக்காரர்களின் ஆசை. என் வண்டிக்கு நிறுவனம் கொடுத்தது 235/70 ஆர்16. அதற்குப் பதில் 245/75 போட்டால் சக்கரத்தின் விட்டம் ஐந்து சதவீதம் கூடும். ஸ்பீடோமீட்டர் முன்பைவிடக் குறைவாக வேகம் காட்டும். கியர் நீண்டதுபோல் ஆகிப் பிக்கப் குறையும். ஹோஸ் மாற்றி மீட்டதை டயரில் தொலைக்க வேண்டாம். தார்ச்சாலையிலேயே ஓடும் வண்டிக்குச் சாலை ரக டயரே மழையிலும் நன்றாகப் பிடிக்கும். வாங்கும்போது பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. தள்ளுபடி என்று பழைய டயரைக் கட்டிவிடும் கடைகளும் உண்டு.

ஹெட்லைட்டில் பலரும் 100 வாட் பல்பு அல்லது எல்.இ.டி. போடுகிறார்கள். முதலாவது ஒயரையும் ஹோல்டரையும் உருக்கும். இரண்டாவது, ஹாலஜனுக்காகச் செய்த கண்ணாடிக்குள் ஒளியைச் சிதறடித்து எதிரில் வருபவரைக் குருடாக்கும். மல்டிமீட்டரை எடுத்து, எஞ்சின் ஓடும்போது லைட்டைப் போட்டுவிட்டு, பேட்டரியிலும் பல்பு ஹோல்டரிலும் வோல்ட் அளந்து பாருங்கள். அங்கே 13.8, இங்கே 12.2 என்றால் ஒளியில் மூன்றில் ஒரு பங்கு ஒயரிலும் சுவிட்சிலும் போய்விட்டது, ஏனென்றால் ஹாலஜன் பல்பில் வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் அதைவிட அதிக விகிதத்தில் இறங்கும். ரிலேயும் ஃபியூஸும் வைத்த ஒயரிங் செட்டை பேட்டரியிலிருந்து நேராக இழுத்து, அதே பழைய பல்பையே மாட்டினால் இரவுச் சாலை வேறாகத் தெரியும்.

கடைசியாகச் செய்தது அடிப்பக்க வேலை. லோயர் ஆர்ம் புஷ்கள் நைந்துபோனால் பிரேக் பிடிக்கும்போது மூக்கு ஒரு பக்கம் இழுக்கும், மேடுபள்ளத்தில் டொக் டொக்கென்று அடிக்கும். புஷ்ஷை அழுத்தி ஏற்ற பிரஸ் வேண்டும், அதனால் இது பட்டறைக்குப் போக வேண்டிய வேலை. ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிவு இருந்தால் அதையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றித் தருகிறேன் என்று மெக்கானிக் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம், ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். புஷ்களின் போல்ட்டைக் கடைசி முறுக்கு முறுக்குவதற்கு முன் வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கியிருக்க வேண்டும். தூக்கிய நிலையிலேயே முறுக்கினால் ரப்பர் முறுக்கேறியபடியே நின்று சீக்கிரம் கிழியும். பட்டறைக்காரரிடம் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள், அதற்கடுத்த வேலையாக அலைன்மென்ட் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓட்டி வாருங்கள்.