குட்டியானையில் ஏறிய கன்னிகள்

மாமாவின் குட்டியானை வாரத்தில் ஆறு நாள் பிரியாணி தேக்சா ஏற்றும். கல்யாணம், சுன்னத், வீடு குடிபுகுதல் என்று நாகூரில் ஏதாவது ஒரு வீட்டில் பெரிய அடுப்பு மூட்டாத வாரம் கிடையாது. தேக்சா, சஹன் தட்டு, சமுக்காளம், விறகு எல்லாம் அந்த வண்டியில்தான் போகும். ஏழாவது நாள் அதே வண்டியில் வேட்டை நாய்களை ஏற்றப் போவதாக அவர் சொன்னபோது வீட்டில் நாயைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தேக்சாவைப் பற்றித்தான் கேட்டார்கள்.

"நாய் நக்குன எடத்துல தேக்சாவ வச்சா ஊரு என்னா சொல்லும்?" என்றது உம்மா.

நாங்கள் ஷாஃபி. நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்து. ஹனஃபி வீடுகளில் மூன்று தடவை போதும் என்பார்கள். வேட்டைக்கும் மந்தைக்கும் பயிருக்கும் நாய் வைத்துக்கொள்ள மார்க்கத்தில் அனுமதி உண்டு. பழக்கிய வேட்டை நாய் பிடித்து வந்தது ஹலால் என்பதும் உண்டு. மாமா இந்தப் பின்பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பதினைந்து வருஷமாகக் கொல்லையில் நாய் வளர்க்கிறவர். ஆனால் தொட மாட்டார். சங்கிலிதான் பிடிப்பார். நாய் கையை நக்க வந்தால் பின்னால் நகர்ந்துவிடுவார்.

நான் அப்போது மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வீட்டில் இருந்தேன். "மருமவனே, படிச்சதுக்கு ஒரு வேல தர்றேன்" என்று டேப்பைக் கையில் கொடுத்தார்.

நாய்கள் இரண்டும் கன்னி. கறுப்பு உடம்பு, புருவத்திலும் காலிலும் செம்பழுப்பு. கோவில்பட்டி, ராஜபாளையம் பக்கத்துக் கரிசல் காட்டு நாய். கல்யாணப் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்ததால் இந்தப் பேர் வந்தது என்று ஒரு பேச்சு இருக்கிறது. மோப்பத்தை விடக் கண்ணை நம்பி ஓடுகிற சாதி. வயிறு ஒட்டி, நெஞ்சு இறங்கி, தோலுக்கடியில் கொழுப்பே இல்லாமல் இருக்கும். 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நம்மூர் நாய்களுக்குத் தபால்தலை போட்டபோது ராஜபாளையத்துக்கு இடம் கிடைத்தது, கன்னிக்குக் கிடைக்கவில்லை. மாமாவுக்கு இதில் இன்றைக்கும் வருத்தம் உண்டு. அதே 2005-இல்தான் டாடா ஏஸ் வந்தது. தமிழ்நாடு அதைக் குட்டியானை ஆக்கிக்கொண்டது.

வேட்டை என்றதும் முயல் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் வேட்டை எலி. சம்பா அறுவடை முடிந்த தை, மாசியில் வரப்பெல்லாம் வளையாக இருக்கும். ஒவ்வொரு வளைக்குள்ளும் எலி கதிரை அறுத்து அடுக்கி வைத்திருக்கும். திருவாரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கிட்டி கட்டுகிற பெரியவர் ஒருவர் மாமாவுக்குக் கூட்டாளி. மூங்கிலை வில்லாக வளைத்துப் பனையோலை வைத்துக் கட்டும் அந்தப் பொறிக்குத் தஞ்சாவூர் கிட்டி என்றே பேர். அவர் கிட்டி வைப்பார், வளை வெட்டுவார். வெளியே பாய்கிற எலியை நாய்கள் பார்த்துக்கொள்ளும். விவசாயி எலிக்கு இவ்வளவு என்று எண்ணிக் காசு கொடுப்பார். மானைத் துரத்துகிற காலை வைத்துக்கொண்டு எலி பிடிப்பது கன்னிக்குக் கொஞ்சம் கேவலம்தான். ஆனால் அது ஓடுகிறபோது பார்த்தால் அதற்கு அப்படித் தெரிவதாகத் தோன்றாது.

குட்டியானையின் பின்பக்கம் 86 அங்குல நீளம், 58 அங்குல அகலம். விமானத்தில் நாயை அனுப்புவதற்கு ஐயாட்டா ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மூக்கிலிருந்து வால் அடி வரை உள்ள நீளத்தோடு முன்னங்கால் முட்டியின் உயரத்தில் பாதியைக் கூட்டினால் பெட்டியின் நீளம். தோள் அகலத்தைப் போல இரண்டு மடங்கு பெட்டியின் அகலம். நாய் நிமிர்ந்து நிற்கும் உயரம், அதோடு விரிப்பின் கனம், பெட்டியின் உயரம். எங்கள் நாய்க்கு 43 அங்குல நீளம், 35 அங்குல உயரம் வந்தது. 43 என்பது 86-இல் சரிபாதி! இந்தக் கணக்கு இவ்வளவு அழகாக வந்ததில் நான் ஏமாந்தேன். முன்பாதி சாமானுக்கு, பின்பாதி நாய்க்கு என்று நோட்டில் கோடு போட்டு, மாமாவிடம் காட்டிப் பாராட்டும் வாங்கினேன். மூன்று அறை. இரண்டு கன்னிக்கு, ஒன்று பெரியவரின் நாட்டு நாய்க்கு.

வண்டி பாடியில் எதையும் வெல்டிங் வைக்கவில்லை. கம்பெனி கொடுத்த வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவில் மாட்டுவோம். அதைவிட முக்கியம், தேக்சா. எனவே போல்ட்டில் கழற்றி மாட்டும் கூண்டு. தரைக்குப் பலகை, அதன்மேல் மாட்டுத் தொழுவத்தில் போடும் ரப்பர் விரிப்பு. சுற்றிலும் கம்பி வலை, மேலே தகரம், மூன்று பக்கமும் தார்ப்பாய். கேபினுக்குப் பின்னால் கிட்டிக்கட்டு, மண்வெட்டி, கடப்பாரை, சாக்கு, தண்ணீர் கேன் எல்லாம் தகரம் வரை அடுக்கினோம். பார்க்க ஜோராக இருந்தது. தெருப் பையன்கள் போட்டோ எடுத்தார்கள்.

வண்டி தயாரான செய்தி பரவி ஒருவர் வந்தார். தெற்கே ஓரிடத்தில் ராத்திரி முயல் வேட்டை, ஒரு ராத்திரிக்கு நல்ல தொகை, நாயும் வண்டியும் மட்டும் வந்தால் போதும் என்றார். மாமா யோசித்தார். சின்ன வயசில் சைக்கிளுக்குப் பின்னால் நாயை ஓட்டிக்கொண்டு முயலுக்குப் போனவர் அவர். அந்தக் கதைகளைக் கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன், பொய் சொல்ல வேண்டாம். 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முயலும் உண்டு. பிடிப்பது மட்டுமல்ல, விரட்டுவதும் வேட்டைதான் என்று சொன்னேன். அது அவர் காதில் ஏறவில்லை. அதே சட்டத்தின் 39-ஆவது பிரிவைச் சொன்னேன். குற்றத்துக்குப் பயன்படுத்திப் பிடிபட்ட வண்டி அரசாங்கச் சொத்தாகிவிடும்.

"வண்டியா?"

"வண்டி."

"இன்னும் இருவது மாசம் டியூ இருக்கு மருமவனே" என்றவர், வந்தவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். முயலைக் காப்பாற்றியது மாசத் தவணை.

தை, மாசி முழுக்க வண்டி ஓடியது. விடியலில் கிளம்புவோம், பத்து மணிக்குள் திரும்பிவிடுவோம். பனியும் ஈரமும் இருந்ததால் என் கணக்கில் இருந்த பிழை வெளியே தெரியவில்லை.

பங்குனியில் உளுந்து எடுத்த வயலில் எலி என்று கூப்பிட்டார்கள். வேலை இழுத்துக்கொண்டே போய், திரும்பும்போது மணி பன்னிரண்டரை. நாய்கள் மூன்று மணி நேரம் ஓடியிருந்தன. தண்ணீர் காட்டி ஏற்றினோம். வண்டி ஓடும்வரை ஒன்றும் தெரியவில்லை. வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. முன்னால் ஒரு நெல் லாரி, பின்னால் பஸ். நாங்கள் மூன்று பேரும் கேபினில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தோம். பின்னால் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. நாய் மூச்சு வாங்குவது புதுசா என்ன?

கேட் திறந்து கொஞ்ச தூரம் போனதும் சத்தம் குறைந்தது. படுத்துவிட்டது போல என்றேன். பெரியவர்தான் "நிறுத்துங்க பாய்" என்றார்.

செல்லி பக்கவாட்டில் கிடந்தது. சின்னது அது, ஒன்றரை வயசு. ஈறு செங்கல் நிறத்தில் இருந்தது. தொட்டால் தேக்சாவின் அடியைத் தொட்டது போல. கேனில் இருந்த தண்ணீரை எல்லாம் ஊற்றினோம். அதுவும் சுட்டது. கால்நடை மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தபோது தெர்மாமீட்டர் 108 காட்டியது. நாய்க்கு 101, 102 சாதாரணம். 106-க்கு மேல் போனால் உள்ளே ஒவ்வொன்றாகக் கெட ஆரம்பித்துவிடும். ஊசி, சலைன், ஈரத்துணி, ஃபேன் எல்லாம் செய்தார். சாயங்காலம் ஐந்தரைக்குப் போய்விட்டது.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்தில் கொஞ்சம், மற்றதெல்லாம் நாக்கு வழியாக மூச்சு விட்டுத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். அதற்கு வெளிக்காற்று வேண்டும். நான் என்ன செய்திருந்தேன்? மேலே தகரம், மூன்று பக்கமும் தார்ப்பாய், முன்பக்கம் கேபின் உயரத்துக்குச் சாமான். திறந்திருந்தது பின்பக்கம் மட்டும். ஓடுகிற வண்டியில் பின்பக்கம் மட்டும் திறந்திருந்தால் காற்று அந்த வழியாக உள்ளே போய்விடாது. வண்டியின் முதுகில் வெற்றிடம் உண்டாகி, சொந்தப் புகையையும் ரோட்டுப் புழுதியையும்தான் உள்ளே இழுக்கும். நின்றால் அதுவும் இல்லை. அளவு எல்லாம் அங்குல சுத்தமாக எடுத்திருந்தேன். காற்றை அளக்கவில்லை.

மாமா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. கூண்டைக் கழற்றிக் கொல்லையில் சாய்த்துவிட்டு தேக்சா ஓட்டப் போய்விட்டார். மூத்தது, ராணி, அந்தக் கூண்டுக்குப் பக்கத்தில் போகாமல் சுற்றிப் போகும்.

அந்த நாட்களில் கண்டதையும் படித்தேன். அக்பர் காலத்தில் சிவிங்கிப்புலியைக் கண்ணைக் கட்டி மாட்டு வண்டியில் வேட்டைக்குக் கொண்டு போனார்கள். மாட்டு வண்டிக்குத் தகரமும் கிடையாது, வேகமும் கிடையாது, சுற்றிலும் காற்று. அமெரிக்காவில் பிக்கப் வண்டிக்கென்றே நாய்ப்பெட்டி விற்கிறார்கள். பக்கமெல்லாம் காற்றுத் துளை வைத்து, சாமானுக்குத் தனித்தட்டு வைத்தவை. நம் நாட்டிலேயே 1978-இல் விலங்குகளை ஏற்றிச்செல்லும் விதிகள் வந்திருக்கின்றன. நாயைப் பசியோடும் தாகத்தோடும் ஏற்றக் கூடாது, கிளம்புவதற்கு 2 மணி நேரம் முன்பே தீனியும் தண்ணீரும் கொடுத்திருக்க வேண்டும் என்கிறது. நான் பிறப்பதற்கு முன்பே யாரோ உட்கார்ந்து எழுதி வைத்தது. 39-ஆம் பிரிவு வரைக்கும் படித்தவன் இதைப் படிக்கவில்லை.

ஆவணியில் நானாகத்தான் கூண்டை மறுபடி எடுத்தேன். பத்து அங்குல உயரத்துக்குப் பொய்த்தரை அடித்து, கடப்பாரை, மண்வெட்டி, கிட்டி எல்லாவற்றையும் அதற்கடியில் படுக்க வைத்துக் கட்டினேன். பிரேக் போட்டால் கடப்பாரை நாயிடம் போகாது. நாய் வண்டி முழுவதற்கும் வந்துவிட்டது. கேபினுக்கும் கூண்டுக்கும் நடுவில் ஓரடி இடைவெளி. தார்ப்பாயைச் சுருட்டி மேலே கட்டிவிட்டேன், மழைக்கு மட்டும் இறக்க. தகரத்தை எடுத்துவிடலாம் என்றிருந்தபோது பெரியவர் வந்து பார்த்துவிட்டு, "தகரம் கெடக்கட்டும் தம்பி. நாலு வெரக்கட தள்ளி மேல கீத்து போடு" என்றார். தென்னங்கீற்றில் இரண்டு அடுக்கு. வண்டி பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து 12 வோல்ட் ஃபேன் ஒன்று, வண்டி நிற்கும்போது போட.

பிறகு ஒரு மத்தியானம் மாமாவை ஓட்டச் சொல்லி நான் கூண்டுக்குள் ஏறிப் படுத்துக்கொண்டேன். நாகூரிலிருந்து கீழ்வேளூர் வரை. உம்மா தலையில் அடித்துக்கொண்டது. உள்ளே படுத்தால்தான் தெரிகிறது, ஒவ்வொரு வேகத்தடையும் விலா எலும்பில் வாங்கித்தான் தாண்ட முடியும் என்று. கொழுப்பில்லாத நாய்க்கு வெறும் ரப்பர் விரிப்பு போதாது. அன்றைக்கே சாக்குக்குள் பழைய பஞ்சு வைத்துத் தைத்தேன். ஓரிடத்தில் மாமா வேண்டுமென்றே வெயிலில் வண்டியை நிறுத்தி, பத்து நிமிஷம் கழித்து வந்து எட்டிப் பார்த்தார்.

"உசுரோட இருக்கியா?"

"புழுங்குது. ஆனா காத்து வருது."

அவர் இன்னும் ஐந்து நிமிஷம் நிற்க வைத்தார்.

புரட்டாசிக் குறுவை அறுவடைக்கு ராணியை ஏற்றினோம். ஏறவில்லை. தூக்கி ஏற்றவும் மாமா சம்மதிக்கவில்லை. நான் முதலில் உள்ளே போய் உட்கார்ந்தேன். கால் மணி நேரம் ஆயிற்று. அப்புறம் முன்னங்காலை வைத்தது, எடுத்தது, வைத்தது. பெரியவரின் நாட்டு நாய் அதைத் தாண்டிக் குதித்து ஏறிய பிறகு தானும் ஏறியது. அதுக்கு ரோஷம் ஜாஸ்தி.

திரும்பும்போது அதே கேட். பூட்டியிருந்தது. மாமா இன்ஜினை அணைத்தார், ஃபேனைப் போட்டார், ஒன்றும் சொல்லாமல் இறங்கினார். கேன் தண்ணீரைக் கீற்றின் மேல் ஊற்றினார். மிச்சத்தை உள்ளங்கையில் பிடித்துக் கம்பி வலைக்குள் நீட்டினார். பதினைந்து வருஷத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. ராணி கையில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, விரல் இடுக்கையும் நக்கியது. ரயில் போய்க் கேட் திறக்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

அஸருக்கு முன்னால் வீடு வந்துவிட்டோம். கொல்லைக் குழாயடியில் மாமா குந்தியிருந்தார். நான் தண்ணீர் ஊற்ற ஊற்றச் சத்தமாக எண்ணினார்.

"கொஞ்சம் மண்ணு அள்ளிக் குடு மருமவனே" என்றார்.